உறுமலில் இரண்டு வகை

ராக் இசை மேடைகளில் எப்போதும் எதிரெதிரே நிறுத்தப்படும் இரண்டு கிதார் ஆம்ப்ளிஃபயர்கள்: ஒன்று லண்டன் வாரிசு, மற்றது கலிஃபோர்னியாக்காரர். நம் காதுக்கும் கமகத்துக்கும் எது ஒத்துவரும்?

மூணாரிலிருந்து மாட்டுப்பட்டி அணையைத் தாண்டி குண்டளை போகும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டி 'எக்கோ பாயின்ட்' என்று ஓர் இடம். சுற்றுலாப் பயணிகள் அங்கே நின்று தங்கள் பெயரையோ பக்கத்தில் நிற்பவர் பெயரையோ கூவுகிறார்கள். எதிர்க்கரை மலை அதைத் திருப்பி அனுப்புகிறது. போன குரலுக்கும் வந்த குரலுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சற்று மெலிந்திருக்கும், சற்று மழுங்கியிருக்கும், அவ்வளவுதான். மலை நாணயமானது. வாங்கியதைத்தான் திருப்பித் தரும்.

எலெக்ட்ரிக் கிதாரின் ஆம்ப்ளிஃபயரிடம் இந்த நாணயத்தை எதிர்பார்க்க முடியாது. தந்தி தரும் மெல்லிய மின் அலையை வாங்கி, வேண்டுமென்றே உருக்குலைத்து, வேறொரு குரலாக வெளியே விடுவதற்கென்றே தயாரிக்கப்பட்டது அது. எவ்வளவு உருக்குலைக்கிறது, எந்த இடத்தில், எந்தப் பாணியில் என்பதை வைத்தே உலகெங்கும் கிதார்காரர்கள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். அந்தக் கட்சிகளில் பெரியவை இரண்டு: மார்ஷல் நிறுவனத்தின் ஜே.சி.எம். 800, மேசா பூகி நிறுவனத்தின் டூயல் ரெக்டிஃபயர். இரண்டுமே 'ஹை கெய்ன்' ரகம். அதாவது மிக அதிகமாகப் பெருக்கி, அந்த மிகுதியாலேயே ஒலியை உறும வைப்பவை. ஆனால் ஒன்றின் உறுமலை மற்றதன் உறுமல் என்று பழகிய காது ஏமாறாது.

மைக் செட் கேட்ட மலை

ஆம்ப்ளிஃபயர் இந்த மலைக்குப் புதிதல்ல. மாட்டுப்பட்டியை உள்ளடக்கிய தேவிகுளம் தொகுதியில் 1957ல் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்றாகி, 1958ல் இடைத்தேர்தல் நடந்தது. கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவைக்கு அது மானப் பிரச்சினை. தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே பாட்டுப் பாடி வாக்குக் கேட்டவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். ரோசம்மா மீண்டும் வென்றார். அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகப் போன தம்பி ராசய்யா பின்னாளில் இளையராஜா ஆனார். லண்டன் டிரினிடி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். தமிழ் சினிமாப் பாட்டில் கிதாரை விருந்தாளி நிலையிலிருந்து வீட்டு மனிதராக்கியதில் அவர் பங்கு பெரியது.

அந்தத் தலைமுறைக்கு ஆம்ப்ளிஃபயர் என்றால் மைக் செட். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் கட்சிக் கூட்டத்திலும் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே, மர மேஜை மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டி. அதன் முதல் எதிரி கரகரப்பு. பேச்சாளர் உணர்ச்சிவசப்பட்டு மைக்கை விழுங்கப் போனால் மைக் செட்காரர் ஓடி வந்து குமிழைக் குறைப்பார். கிதார் ஆம்ப்ளிஃபயரில் நடப்பது நேர்மாறு. கரகரப்பு வரும்வரை குமிழைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். மைக் செட்காரர் கோளாறு என்று நினைத்ததை இவர்கள் குரல் என்கிறார்கள்.

தலை வெட்டுப்பட்ட அலை

இதில் மாயம் ஒன்றுமில்லை. தந்தி அதிரும்போது பிறக்கும் மின் அலை மேலும் கீழுமாக வளைந்து செல்கிறது. ஒரு வால்வுக்கு இவ்வளவு உயரம்தான் தாங்கும் என்று எல்லை உண்டு. எல்லைக்குள் அடங்கும் அலையைப் பெரிதாக்கி அப்படியே விட்டுவிடும். தாழ்ந்த நிலைப்படியில் உயரமான ஆள் குனியாமல் நுழைந்தால் என்ன ஆகும்? அதுதான் எல்லை மீறிய அலைக்கும் ஆகிறது. தலை வெட்டுப்பட்டு மொட்டையாகிறது. மொட்டையான அலையில் மூலச் சுரத்தோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களில் மேற்சுரங்கள் முளைக்கின்றன. மேலும் கீழும் சமமாக வெட்டினால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும். ஒரு பக்கம் கூடுதலாக வெட்டினால் இரட்டைப்படையும் சேர்ந்துகொள்ளும்.

தம்புரா மீட்டியவர்களுக்கு இதன் ருசி தெரியும். குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு சிறு நூலைச் செருகி, ரீங்காரம் எழும் இடம் பார்த்து நிறுத்துகிறார்கள். நூலை எடுத்துவிட்டால் தந்தி சுத்தமாகத்தான் ஒலிக்கும். ஆனால் அதில் உயிர் இருக்காது. அந்த நூலுக்கு 'ஜீவா' என்று பெயர் வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. நூல் வேலை செய்யும் விதம் வேறு, வால்வு வேலை செய்யும் விதம் வேறு. ஆனால் மேற்சுரங்களைத் தட்டி எழுப்புவதில் கிதார்காரரின் 'கெய்ன்' குமிழ் மின்சாரத்தில் செய்த ஜீவா.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. ஹெவி மெட்டல் கிதாரின் அடிப்படை 'பவர் கார்டு'. பெயர்தான் பயமுறுத்தும்; உள்ளே இருப்பது ச-ப-ச. தம்புராவுக்குச் சுருதி கூட்டும் அதே சுரங்கள். கிதாரின் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் பஞ்சமம் 123.5. இந்த இரண்டையும் ஒரே வால்வுக்குள் திணித்து உருக்குலைத்தால், அவற்றின் வித்தியாசமும் கூட்டுத்தொகையும் புதிய சுரங்களாக வெளிவருகின்றன. வித்தியாசம் சுமார் 41: கீழ் ஸ்தாயி ஷட்ஜம். கூட்டுத்தொகை சுமார் 206: மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். வாசிப்பவர் தொடாத காந்தாரம் தானாக ஒலிக்கிறது. நல்ல தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தை வித்வான்கள் சுயம்பு என்று கொண்டாடுவார்கள். அதன் தூரத்து உறவு இது.

கிதார்காரர் ஆசைப்பட்டுக் காந்தாரத்தையும் விரலால் தொட்டால்? அங்கே தகராறு. கிதாரின் மெட்டுகள் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கப்பட்டவை. மெட்டில் கிடைக்கும் காந்தாரம், சுயம்பு காந்தாரத்தைவிட அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு உயர்ந்து நிற்கும். சாதாரண கிதாரில் காது மன்னித்துவிடும். உருக்குலைந்த ஒலியில் இரண்டு காந்தாரங்களும் முட்டி மோதிக் கூழாகிவிடும். ராக் இசை ச-ப-சவோடு திருப்தியடைந்ததற்கு ரசனை மட்டுமே காரணமல்ல, கணக்கும் காரணம்.

மேள வாத்தியம் விற்றவர்

ஜிம் மார்ஷல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் சொல்லிக்கொடுத்து, வாத்தியக் கடையும் நடத்தியவர். கடைக்கு வந்த இளைஞர்கள் அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். 1962ல் அவருடைய ஆட்கள் ஃபெண்டர் நிறுவனத்தின் 'பாஸ்மேன்' ஆம்ப்ளிஃபயரை முன்மாதிரியாக வைத்து, கைக்குக் கிடைத்த பிரிட்டிஷ் உதிரிபாகங்களால் ஒன்றைச் செய்தார்கள். உதிரிபாகம் மாறியதால் குரலும் மாறியது. அந்தக் குரலைத்தான் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் உலகுக்குக் காட்டினார். அவருடைய முழுப்பெயர் ஜேம்ஸ் மார்ஷல் ஹெண்ட்ரிக்ஸ் என்பது வெறும் தற்செயல்.

1981ல் வந்தது ஜே.சி.எம். 800 வரிசை. ஜேம்ஸ் சார்லஸ் மார்ஷல் என்ற முழுப்பெயரின் முதலெழுத்துகளும், அவருடைய கார் நம்பர் பலகையில் இருந்த எண்ணும் சேர்ந்து பெயரானது. அதில் புகழ்பெற்றது 2203 என்ற 100 வாட் மாடல். ஒரே சானல், ஆறு குமிழ், முன்பகுதியில் மூன்று சிறிய வால்வுகள், பின்பகுதியில் நான்கு இ.எல்.34 வால்வுகள். இன்றைய கணக்கில் இதன் கெய்ன் நடுத்தரம்தான். ஆனால் அலையின் தலையை வெட்டும் இடத்துக்கு வருவதற்கு முன்பே இது அடித்தொனியைக் கொஞ்சம் கழித்துவிடுகிறது. வெட்டுவதும் ஒரு பக்கச் சாய்வாக. பலன்: அடி இறுகி, நடுத்தொனி முன்னே துருத்திக்கொண்டு, எழுத்துச் சுத்தமாகப் பேசும் ஒரு குரல்.

சந்தானா வைத்த பெயர்

இரண்டாவது கதை கலிஃபோர்னியாவில். 1960களின் கடைசியில் ராண்டல் ஸ்மித் என்ற இளைஞர், ஃபெண்டரின் சின்னஞ்சிறு 'பிரின்ஸ்டன்' ஆம்ப்ளிஃபயருக்குள் பெரிய ஆம்ப்ளிஃபயரின் குடலை வைத்து ஒரு குறும்பு செய்தார். அதை வாசித்துப் பார்த்த கார்லோஸ் சந்தானா உற்சாகத்தில் உதிர்த்த 'பூகி' என்ற சொல் நிறுவனத்தின் பெயராகிவிட்டது. சிறிய பெட்டியிலிருந்து நீண்ட கார்வை என்பதே ஆரம்பம் முதல் மேசா பூகியின் முத்திரை.

டூயல் ரெக்டிஃபயர் வந்தது 1992ல். முன்பகுதியில் ஐந்து சிறிய வால்வுகள். பின்பகுதியில் நான்கு 6எல்6. பெயருக்குக் காரணமான 'ரெக்டிஃபயர்' மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பகுதி. இந்த ஆம்ப்ளிஃபயரில் அதற்கு இரண்டு வழிகள்: பழைய பாணி வால்வு அல்லது சிலிக்கான் டயோடு. ஒரு ஸ்விட்சைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். வித்தியாசம் என்ன? வீட்டில் மோட்டார் போடும்போது பல்பு ஒரு கணம் மங்கிப் பிறகு தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். தந்தியை ஓங்கித் தட்டியதும் வால்வு ரெக்டிஃபயரில் மின்னழுத்தம் அப்படித்தான் ஒரு கணம் தாழ்ந்து மீள்கிறது. அடி மெத்தையில் விழுந்ததுபோல அமுங்கி எழுகிறது. டயோடில் இந்த அமுக்கம் குறைவு. அடி தரையில் விழும்.

இது விளம்பரத்தில் சொல்லப்படாத ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. பின்பகுதி வால்வுகள் கடுமையாக உழைக்கும் சத்தத்தில்தான் இந்த வித்தியாசம் கேட்கும். படுக்கையறைச் சத்தத்தில் வால்வா டயோடா என்று விவாதிப்பது நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸில் பிரேக்கைச் சோதிப்பதைப் போன்றது.

பறையும் உறுமியும்

ஒப்பிடத் தொடங்குபவர்கள் முதலில் செய்யும் தவறு இரண்டிலும் எல்லாக் குமிழ்களையும் 5ல் வைப்பது. 5 என்பது நடுநிலை இல்லை. இந்த ரக ஆம்ப்ளிஃபயர்களில் மேல், நடு, அடித்தொனிக் குமிழ்கள் ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்றைத் திருகினால் மற்ற இரண்டின் வேலையும் மாறும். எண்ணைப் பார்க்காமல், ஒவ்வொன்றையும் அதன் சிறந்த நிலைக்குக் காதால் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, சத்தம் சமமாக இருக்க வேண்டும். சத்தம் குறையும்போது அடித்தொனியும் உச்சத்தொனியும் காதுக்கு முதலில் மங்குகின்றன என்பதை 1933லேயே பெல் ஆய்வகத்தின் ஃப்ளெச்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். சற்றுக் கூடுதல் சத்தத்தில் ஒலிப்பது எப்போதும் 'நன்றாக' இருப்பதாகத் தோன்றும். கடைக்காரர்களுக்கு இது தெரியும். மூன்றாவது, ஒரே கிதார், ஒரே ஸ்பீக்கர் பெட்டி. ஸ்பீக்கரை மாற்றினால் கேட்பது ஆம்ப்ளிஃபயரின் வித்தியாசமா, ஸ்பீக்கரின் வித்தியாசமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகு தடித்த தந்தியை உள்ளங்கை ஓரத்தால் அமுக்கியபடி ச-ப-சவைத் தட்டினால், மார்ஷல் தீயில் காய்ச்சிய பறைபோல ஒலிக்கிறது. தோல் இறுகி, அடி விழுந்த கணமே 'பட்'டென்று தெறித்து, வந்த வேகத்தில் நின்றுவிடும். மேசாவிடமிருந்து வருவது உறுமியின் தேய்ப்பு. கீழிருந்து எழுந்து, தொண்டைக்குள் உருண்டு, கொஞ்சம் தாமதமாக முடியும். நடுத்தொனி பின்வாங்கி, அடியும் உச்சியும் பெருத்திருக்கும். உச்சியில் சோடா பாட்டில் திறந்தாற்போல ஒரு 'ஸ்ஸ்' இருந்துகொண்டே இருக்கும்.

அடுத்த சோதனை கிதாரின் சொந்தக் குமிழில். அதைப் பாதியாகக் குறைத்தால் மார்ஷல் உறுமலை விட்டுவிட்டுப் பேச்சுக் குரலுக்கு இறங்கிவருகிறது. மெல்லத் தட்டினால் மெல்லப் பேசும். ஓங்கித் தட்டினால் கத்தும். மேசாவின் உச்ச கெய்ன் சானல் அவ்வளவு சுலபத்தில் இறங்குவதில்லை. குமிழைக் குறைத்தாலும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது சோதனை கூட்டத்தில். தனியறையில் பிரமாண்டமாகத் தெரியும் மேசா, டிரம்ஸும் பேஸ் கிதாரும் சேர்ந்ததும் பாதி காணாமல் போகலாம். அதன் அடித்தொனியை பேஸ் கிதாரும் உச்சித்தொனியைத் தாளத்தட்டும் விழுங்கிவிடும். தனியே கேட்டால் மூக்கால் பேசுவதுபோல எரிச்சலூட்டும் மார்ஷலின் நடுத்தொனி, அதே கூட்டத்தில் சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரலாகப் பிளந்துகொண்டு வரும். ஆனால் சினிமாப் பாட்டு என்றால் தீர்ப்பு மாறக்கூடும். அங்கே ராஜா பாடகர். சொற்களின் தெளிவு குடியிருக்கும் அதே பகுதியில்தான் மார்ஷலும் குடியிருக்க விரும்புகிறது. நடுவே இடம் விட்டு ஒதுங்கி நிற்கும் மேசாவின் ஒலி குரலோடு சண்டையிடாது. ஆக, எது சிறந்தது என்ற கேள்விக்கு முன் யாரோடு சேர்ந்து ஒலிக்கப்போகிறது என்ற கேள்வி இருக்கிறது.

இரண்டின் பலவீனத்துக்கும் ஒரே மருந்து பரவலாகப் பயன்படுகிறது என்பது சுவாரஸ்யம். கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஐபனெஸ் நிறுவனத்தின் 'டியூப் ஸ்க்ரீமர்' என்ற பச்சை நிறக் காலால் மிதிக்கும் பெட்டி. மார்ஷலுக்கு அது போதாத கெய்னைத் தருகிறது. மேசாவுக்கு அது மிஞ்சிய அடித்தொனியைக் கழிக்கிறது. இந்த வைத்தியம் முடிந்த பிறகு இரண்டும் முன்பைவிட நெருங்கி வந்துவிடுகின்றன.

ஒரு மீட்டில் எத்தனை சுரம்?

கொச்சியின் '13 ஏ.டி.' குழு 1990ல் 'கிரவுண்ட் ஜீரோ' ஆல்பத்தை வெளியிட்டது. திருவனந்தபுரத்தின் 'அவியல்' மலையாளத்தில் ராக் பாடி 2008ல் ஆல்பம் போட்டது. அதே 2008ல் 'மதர்ஜேன்' குழுவின் 'மக்தூப்' வந்தபோது, அதில் பைஜு தர்மஜனின் கிதார் கர்நாடக இசையின் வளைவுகளோடு உறுமியதை ரசிகர்கள் கவனித்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த 'கிதார்' பிரசன்னா 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்ற ஆல்பத்தை ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். தமிழ், மலையாளக் காதுகளுக்கு இந்த ஆம்ப்ளிஃபயர் விவகாரம் உண்மையிலேயே முக்கியமாவது இங்கேதான்.

தட்டி ஒலிக்கும் தந்திக்கு ஆயுள் குறைவு. தட்டியதும் பிறந்து, உடனே தேயத் தொடங்கும். கமகத்துக்கோ சுரம் உயிரோடிருக்க வேண்டும். வீணையில் ஒரு மீட்டுக்குள் பல சுரங்களை இழுத்து வாங்குவது வித்வத்தின் அடையாளம். சாதாரண மாண்டலினில் அது முடியாமல்தான் யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014) இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்திகளோடு எலெக்ட்ரிக் மாண்டலினைக் கையிலெடுத்தார். ஒலியைப் பெருக்கியதால் சபைக்குக் கேட்டது என்பது பாதிக் காரணம். தேயும் சுரத்தையும் கேட்க முடிந்தது என்பது மீதி.

ஹை கெய்ன் ஆம்ப்ளிஃபயர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. தலை வெட்டுப்பட்ட அலையில், ஓங்கித் தட்டிய முதல் கணமும் தேய்ந்துபோன மூன்றாவது விநாடியும் ஏறத்தாழ ஒரே உயரம். தந்தி தளர்ந்தாலும் நிலைப்படி உயரத்துக்கு மேல் இருக்கும்வரை வெளியே வரும் சத்தம் குறைவதில்லை. வில் போட்டதுபோல, மூச்சு ஊதியதுபோல கார்வை நீள்கிறது. இடதுகை விரல் மட்டும் நகர்ந்தாலே சுரம் பேசுகிறது. ராக்காரர்கள் ஆவேசத்துக்காகத் தேடிப்போன கெய்ன், நம் இசைக்குக் கார்வையாகக் கைக்கு வந்து சேர்ந்தது.

மாட்டுப்பட்டிக்குக் கலப்பினம் புதிதல்ல. 1963ல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தில், சுவிட்சர்லாந்தின் பிரவுன் சுவிஸ் காளைகளையும் கேரள நாட்டு மாடுகளையும் கலந்து 'சுனந்தினி' என்ற இனத்தை உருவாக்கினார்கள். எந்தக் குணத்தை எங்கிருந்து எடுப்பது என்று தெரிந்து செய்த கலப்பு அது. கிதாரில் கர்நாடக இசையும் அப்படிப்பட்ட தேர்வைத்தான் கேட்கிறது.

மேசாவிடம் கார்வை தாராளம். ஆனால் அது எல்லாச் சுரத்தையும் ஒரே உயரத்துக்கு அமுக்கிவிடும் சமதர்மவாதி. கமகத்தில் அழுத்த வேண்டிய சுரமும் தொட்டுவிட்டுப் போக வேண்டிய அனுசுரமும் ஒரே கனத்தில் வந்து நிற்கும். உச்சியின் 'ஸ்ஸ்' சுரத்தின் ஓரங்களை மழுக்கும். மார்ஷலில் கார்வை குறைவு. ஆனால் விரலின் அழுத்தம் வித்தியாசப்பட்டால் ஒலியும் வித்தியாசப்படும். அனுசுரம் அனுசுரமாகவே கேட்கும். நடுத்தொனி முன்னே நிற்பதால் சுரத்தின் பாதையைக் காது பின்தொடர முடியும். ராகம் வாசிப்பவருக்கு மார்ஷலின் பக்கம் தராசு சாய்கிறது. மேசாவை வைத்திருப்பவர் கெய்னைப் பாதிக்குக் கீழே இறக்கி, நடுத்தொனியைக் கூட்டினால் அதே ஊருக்கு வேறு வழியில் போய்ச் சேரலாம். ச-ப-ச மட்டும் வாசித்துச் சுவரைக் குலுக்க நினைப்பவருக்கு இந்த அறிவுரை எதுவும் தேவையில்லை.

லட்சமும் செல்போனும்

புதிதாக வாங்கினால் இரண்டுமே லட்சங்களில் பேசும். வாங்கிய பிறகும் செலவு ஓயாது. வால்வுகள் தேயும் பொருள். ஒரு காலத்தில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த வால்வுகள் நம் ரேடியோக்களில் எரிந்தன. இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளின் விரல்விட்டு எண்ணக்கூடிய தொழிற்சாலைகளை உலகமே நம்பியிருக்கிறது. 2022ல் உக்ரைன் போரையொட்டி ரஷ்ய வால்வுகள் வருவது தடைபட்டபோது, எங்கோ நடந்த யுத்தம் கிதார்காரர்களின் பையிலும் கை வைத்தது.

சத்தம் இன்னொரு சிக்கல். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் கணக்குப்படி 120 டெசிபல். 85 டெசிபலில் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது காது பாதுகாப்புக்கான பரவலான அமெரிக்கப் பரிந்துரை. அதன்படி 120 டெசிபலுக்குக் கிடைப்பது சில விநாடிகள். 50 வாட் வாங்கித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: 100க்கும் 50க்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். நிறுவனங்களும் இதை உணர்ந்திருக்கின்றன. மார்ஷல் 2019ல் ஜே.சி.எம். 800ஐ 20 வாட்டுக்குச் சுருக்கி, 5 வாட்டுக்கு இறங்கும் வசதியோடு வெளியிட்டது.

முதலாளிகளும் மாறிவிட்டார்கள். ஜிம் மார்ஷல் 2012ல் மறைந்தார். நிறுவனம் 2023ல் ஸ்வீடனின் ஸௌண்ட் இண்டஸ்ட்ரீஸோடு சேர்ந்தது. 2025ல் பெரும்பான்மைப் பங்கு சீனாவைச் சேர்ந்த ஹாங்ஷான் முதலீட்டு நிறுவனத்துக்குப் போவதாக அறிவிக்கப்பட்டது. மேசா பூகியை 2021ல் கிப்சன் வாங்கிக்கொண்டது.

பெட்டி வாங்க முடியாதவர்களுக்குக் கதவு இப்போது வேறு பக்கம் திறந்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் நடத்தையைக் கணினி கற்றுக்கொண்டு போலச்செய்யும் மென்பொருள்கள் வந்துவிட்டன. 'நியூரல் ஆம்ப் மாடலர்' போன்றவை இலவசம். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பதிலாக அதன் எதிரொலிச் சுவடு மட்டும் போதும். எக்கோ பாயின்ட்டில் ஒரு முறை கை தட்டி, திரும்பி வருவதைப் பதிவுசெய்தால் அந்த மலையின் குணம் முழுவதும் அந்தப் பதிவில் அடங்கிவிடுகிறது அல்லவா? ஸ்பீக்கர் பெட்டிக்கும் அதே முறைதான். நகரத்துக் கடைக்குப் போய், விற்பனையாளர் முகம் சுளிப்பதற்குள் இரண்டு நிமிடம் வாசித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் மலைக்கிராமத்து இளைஞருக்கு இனி இல்லை. இரண்டு குரல்களும் ஒரு மடிக்கணினியில், ஏன் செல்போனிலும்கூட, அருகருகே கிடைக்கின்றன.

கிடைக்காதது காது. அதைப் பழக்க ஒரு சோதனை இருக்கிறது. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் நிற்காமல் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடி உயிர்வாழும் சுரம் அது. ஒரே தட்டில், தந்தியை இழுத்தும் தளர்த்தியும் அதை வாசித்துப் பாருங்கள். முதலில் மார்ஷலில், பிறகு அதே சத்தத்தில் மேசாவில். எதில் அது தோடியாகவே கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் கேட்காவிட்டால் ஆம்ப்ளிஃபயர்மீது பழி போட வேண்டாம். விரலுக்கு இன்னும் சாதகம் வேண்டும்.